இரண்டு மாத்திரை சரி, மூன்றாவது?

மனநல டாக்டர் இரண்டு மாத்திரை சேர்த்து எழுதிக் கொடுத்தால் நம் வீடுகளில் இரண்டு விதமாக நடக்கும். சில வீடுகளில் "ரெண்டும் சேர்ந்தா மூளை மழுங்கிப் போகும்" என்று ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துவிடுவார்கள். சில வீடுகளில் அந்தச் சீட்டை லேமினேட் பண்ணி, மூன்று வருஷமாக டாக்டரைப் பார்க்காமலே அதைக் காட்டி வாங்கிக் கொண்டிருப்பார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் 32 வருஷம் நின்றவன் நான். இரண்டு ரகத்தையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மருந்தாளுநர். (ஊரில் இன்னும் கம்பவுண்டர் சார்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.) யாருக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று சொல்வது என் வேலை இல்லை. மருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, அதோடு மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் ரகத்தில் இன்னொன்று. இப்படிச் சேர்த்துக் கொடுப்பது தப்பா? தப்பே இல்லை. மனச்சோர்வு முற்றும்போது சிலருக்குப் பிரமைகள் வரும். சாப்பாட்டில் விஷம் என்பார்கள், போலீஸ் பிடிக்க வருகிறது என்பார்கள், என் குடல் அழுகிவிட்டது என்பார்கள். அவர்களுக்கு ஒரு மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. வேறு சிலருக்கு மனச்சோர்வு மாத்திரை ஒன்றிரண்டு மாற்றிப் பார்த்தும் பலன் இல்லாதபோது, இரண்டாவது ரகத்தைக் குறைந்த அளவில் சேர்ப்பார்கள்.

2019ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. பிரமையோடு கூடிய மனச்சோர்வு வந்து, செர்ட்ராலின், ஒலான்சபின் இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டுக் குணமானவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டையும் தொடர்ந்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு ஒலான்சபினை மெல்லக் குறைத்து, அந்த இடத்தில் வெறும் மாவு மாத்திரை கொடுத்தார்கள். 36 வாரத்தில், தொடர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பியது. அதே ஆய்வில், தொடர்ந்தவர்களுக்கு எடை கூடியதையும் சொல்லியிருக்கிறார்கள். மருந்து என்றால் இரண்டு பக்கமும் உண்டு.

ஆக, யோசித்து எழுதிய இரண்டு மாத்திரையைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. தெரியாமல் உள்ளே போகிற மாத்திரையைப் பற்றித்தான் பயம். அதுவும் நம் வயசுக்காரர்களுக்கு.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து, கேஸ் டிரபிளுக்குத் தினம் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறீர்களே, அந்த அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ரபிப்ரசோல் அல்லது பேன்டோப்ரசோல் என்று இருக்கும். அதோடு முடிந்தால் சரி. அதற்குக் கீழே லீவோசல்பிரைடு என்று இருந்தால், அது மனச்சிதைவு மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. குறைந்த அளவில் வயிற்றுக்கு வேலை செய்யும், உண்மைதான். ஆனால் வயசானவர்கள் மாதக்கணக்கில் போட்டால் கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் உணர்ச்சியில்லாமல் போகும். "அப்பாவுக்கு பார்க்கின்சன் வந்துட்டு" என்று நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். நல்ல டாக்டராக இருந்தால் முதலில் அந்த கேஸ் மாத்திரையை நிறுத்துவார். பல பேருக்கு நடுக்கம் குறையும், சிலருக்கு முழுசாகப் போவதில்லை.

தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் புரோக்ளோர்பெரசின் (ஸ்டெமெடில் என்றால் உங்களுக்குப் புரியும்) அதே குடும்பம்தான். இரண்டு நாளைக்குப் போட்டால் பிரச்சினை இல்லை. வருஷக்கணக்கில் பையில் வைத்துக்கொண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"டென்ஷன் மாத்திரை" கதை இதைவிட விசேஷம். புளூபென்டிக்ஸால் என்ற மனச்சிதைவு மருந்தும் மெலிட்ரசென் என்ற மனச்சோர்வு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்து, டீன்சிட் என்ற பெயரில் நம் நாட்டில் சக்கைப்போடு போட்டது. தூக்கம் இல்லையா, படபடப்பா, பசி இல்லையா, எல்லாவற்றுக்கும் அது. அதன் சொந்த நாடு டென்மார்க். அங்கேயே விற்பனைக்கு அனுமதி இல்லாததை எப்படி இங்கே அனுமதித்தீர்கள் என்று 2012ல் நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டது. 2013 ஜூனில் மத்திய அரசு நிறுத்தி உத்தரவு போட்டது. நான் சொல்ல வருவது அந்த உத்தரவைப் பற்றி அல்ல. அதைச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் இரண்டு மனநல மருந்து சாப்பிடுகிறோம் என்று தெரியும்? ஜன்னலில் என்னிடம் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சத்து மாத்திரை என்று நினைத்தவர்கள்கூட உண்டு.

என் கட்சி இதுதான்: அட்டையில் கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், "இது மனநல மருந்து வகை" என்று தமிழில் ஒரு வரி போட்டால் குடி முழுகிவிடாது. சிவப்புக் கோடு போட்டிருக்கிறோமே என்பார்கள். அந்தக் கோட்டுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

இனி நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு விஷயம். என் பெரிய அக்கா பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அத்தான் போன மூன்றாம் மாதம் சாப்பிடுவதை நிறுத்தினாள். "தண்ணியில என்னமோ கலக்காங்கடே, நீயாவது நம்பு" என்பாள் என்னிடம். மருமகன் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். மேலே சொன்ன அதே இரண்டு மருந்துதான் எழுதினார். நாலாவது வாரம் அக்கா தானாக எழுந்து கோலம் போட்டாள். ஆறாவது வாரம் என் சட்டைக் காலர் கிழிந்திருப்பதைப் பார்த்துத் திட்டினாள். பழைய அக்கா திரும்பிவிட்டாள் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

அந்தச் சமயத்தில் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொண்டிருந்தார்கள். அதனால் இந்த மாத்திரை விஷயம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவு. எனக்கே சொன்னது ஒலான்சபினை மட்டும், அதுவும் தூக்க மாத்திரை என்று. அக்கா வழக்கமாகப் பார்க்கும் பிரஷர் டாக்டரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவிக்கும் சம்பந்தி வீட்டுக்கும் ஏதோ சொந்தமாம். அவர் பிரஷர் கூடியிருக்கிறது என்று, உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்கும் மருந்து சேர்ந்த மாத்திரையாக மாற்றினார். அவருக்குத் தெரிந்தவரை அது சரியான மருந்துதான்.

பதினைந்து நாளில் அக்காவுக்குத் தள்ளாட்டம், குமட்டல், பேச்சில் குழறல். "பழைய சீக்கு திரும்பிட்டு" என்று வீட்டில் அழுகை. ஒரு விடியற்காலை பாத்ரூமில் விழுந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. இருக்க வேண்டியது 135க்கு மேல். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் வயசானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, சோடியத்தை இறக்கக் கூடியவை. அதோடு நீரிறக்கும் மருந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஐந்து நாள் ஐசியூ. இடுப்பு எலும்பு தப்பியது முருகன் புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், சின்னப் பெண், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பாட்டி வேற என்னென்ன மாத்திரை போடுறாங்க?" யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்து, பீரோவில் சேலைக்கு அடியில் இருந்த செர்ட்ராலின் அட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. மாத்திரையை மறைத்ததால் கல்யாணம் நடந்துவிடும் என்று நினைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது அக்கா.

பிரஷர் மாத்திரையின் பெயருக்குக் கடைசியில் ஆங்கிலத்தில் எச் என்றோ சிடி என்றோ இருந்தால் பெரும்பாலும் அது அந்த நீரிறக்கி சேர்ந்ததுதான். மனச்சோர்வு மாத்திரையும் போடுகிறவர்கள் சோடியம் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மூன்றாவது மாத்திரை வேறு வேஷத்திலும் வரும். மூட்டுவலிக்கு டிரமடால் கலந்த மாத்திரையோ, வறட்டு இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த சிரப்போ மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் சிலருக்குப் பதற்றம், வியர்வை, நடுக்கம், காய்ச்சல் என்று ஒரேயடியாகக் கிளம்பும். டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் இரும்புச்சத்து மாத்திரை என்று சமாதானம் செய்துகொள்ளாமல் காட்டுங்கள். இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் சேர்க்கைகளும் உண்டு. சிட்டலோப்ராம் 60 வயசுக்கு மேல் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2012ல் சொன்னது இதனால்தான். ஹாலோபெரிடால் போன்றவற்றோடு சேர்த்துப் போடுகிறவருக்கு, காய்ச்சல் என்று கடையில் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு இசிஜி எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்து. அடுத்து, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போடும் தாத்தாக்கள். குவெட்டியாபின், ஒலான்சபினோடு சேர்ந்தால் படுக்கையை விட்டு எழுந்ததும் பிரஷர் சடாரென்று இறங்கும். ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போது ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

பீடி விஷயம் பலருக்குத் தெரியாது. ஒலான்சபின், குளோசபின் இரண்டையும் புகை வேகமாகக் கரைத்துவிடும். நிகோடினால் இல்லை, புகையில் உள்ள தாரால். அதனால் பீடி குடிப்பவருக்கு டாக்டர் கூடுதல் அளவு வைத்திருக்கலாம். அவர் நெஞ்சுவலி என்று அட்மிட் ஆகி, பீடி நின்றுபோனால், அதே மாத்திரை ஒரு வாரத்தில் அதிகமாகிவிடும். ஆள் தூங்கி வழிவார். பீடியை விட்டது நல்ல காரியம்தான், ஆனால் விட்ட சேதியை மனநல டாக்டருக்கும் சொல்ல வேண்டும்.

நிறுத்துவதைப் பற்றி. மாலை போட்டாச்சு, விரதம், மாத்திரை வேண்டாம் என்று நிறுத்துவோர் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் பையை மறந்து ஒரு வாரம் விட்டவர்கள் உண்டு. "நல்லாத்தான இருக்கேன், எதுக்கு?" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், தூக்கம் போகும், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். நோய் திரும்புவது இதைவிடத் தாமதமாக, வாரங்கள் கழித்துத்தான் வரும், அதனால் நிறுத்தியதையும் நோயையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேண்டாத மருந்தைக் குறைக்கத்தான் வேண்டும், முக்கியமாக மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கு. அவர்களுக்கு மனச்சிதைவு மருந்து கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று 2005லேயே அமெரிக்காவில் அட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்துவிட்டார்கள். ஆனால் படிப்படியாக, எழுதிய டாக்டரின் கையால் குறைக்க வேண்டும். மாத்திரையைப் பாதியாக ஒடிப்பதற்கும் அவரைக் கேட்க வேண்டும்.

ஒலான்சபின் ரகம் போடுகிறவர்கள் ஆரம்பத்தில் எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து எழுதி வைத்து, மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பது வழக்கம். எங்கள் அக்காவுக்கு இடுப்புப் பாவாடை நாடா சொல்லிவிட்டது, லேப் அப்புறம்தான்.

இப்போது அவள் கைப்பையில் ஒரு பழைய பால் கார்டு அளவில் அட்டை இருக்கிறது. எல்லா மாத்திரையின் பெயரும், அளவும், எந்த டாக்டர் எழுதியது என்பதும், கேஸ் மாத்திரை, சித்த மருந்துக் கடைச் சூரணம் உட்பட. பல் டாக்டரிடம் போனாலும் நீட்டுவாள். எழுதியது நான்தான், கையெழுத்து சுமார் என்று குறை சொல்கிறாள்.

சித்திரை வெயில் நெருங்குகிறது. இந்த மருந்துகளில் பல, உடம்பு தன் சூட்டைத் தானே தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். மத்தியானம் வெளியே அனுப்பாதீர்கள். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டை மாதிரி விறைத்து, பேச்சும் பிதற்றலாக இருந்தால் வெயில் சூடு என்று மோர் கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், 108க்கு அடியுங்கள், மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 14416, அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.