குறைந்த தராதரமும் கடல் கடந்த ஆசிரியத் தொழிலும்

பொருள் தேடிப் பிறநாடு செல்லுதல் ஈழத் தமிழர்க்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், பாடசாலையிற் பெற்ற ஆங்கில அறிவொன்றையே முதலாகக் கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். நமது கரையிலும் ஆங்கிலம் ஒரு காலத்தில் உயர்வளித்தது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, பல்கலைக்கழகம் எதனையும் காணாமலே ஆங்கிலத்தில் நூல்கள் இயற்றிச் சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தார். அதே ஆங்கிலத்தைக் கற்பித்துப் பிழைக்கலாமா என்று இன்றைய இளைஞர் வினவுகின்றனர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இவ்வினா உரத்து எழுந்துள்ளது. அவ்வோராண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் நாடி நாட்டை விட்டுச் சென்றனர். “பட்டமில்லை; ஆங்கிலம் ஓரளவு வரும்; வழியுண்டா?” என்று கேட்போர்க்கு விடை கூறுதல் இவ்விழா மலருக்குப் பொருந்துமென நம்புகின்றோம்.

தமிழ் கற்பிக்கும் நாம் ஆங்கிலத்தைப் பற்றி எழுதுவதேன் என்று சிலர் கேட்கலாம். எம்மொழியாயினும் அதனை அறிந்திருத்தல் வேறு, பிறர்க்கு அறிவித்தல் வேறு. இந்த வேறுபாட்டையே நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

முதலில், அடைபட்ட கதவுகளை அறிதல் வேண்டும். தென்கொரியா தன் ஆங்கில உரையாடல் ஆசிரியர்க்குரிய விசாவை, ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, கனடா முதலிய ஏழு நாட்டினர்க்கே பெரும்பாலும் வழங்குகின்றது, பட்டமும் கேட்கின்றது. சீனாவும் பட்டத்துடன் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரையே பொதுவாக நாடுகின்றது. இது நீதியோ என்று வாதிடலாம். ஆயினும், வீட்டு நகையை அடகு வைக்கும் முன் இவ்வுண்மையை அறிந்திருத்தலே முதற்கடன்.

அடுத்து, 120 மணித்தியாலப் பயிற்சித் தராதரப்பத்திரம். இந்நாளில் இது கணினி வழியாக மலிவாக விற்கப்படுகின்றது. ஒரு பிள்ளையின் முகத்தையேனும் பாராமல் இதனைப் பெற்றுவிடலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செல்ரா எனப்படும் பயிற்சியும் ஏறத்தாழ 120 மணித்தியாலமே. ஆயின், அதில் மெய்யான மாணவர்க்கு 6 மணித்தியாலம் கற்பித்துக் காட்டுதல் வேண்டும். தேர்ந்தோர் அருகிருந்து குறை நிறை கூறுவர். மணித்தியாலம் ஒன்றே, மதிப்பு வேறு. ஆசிரிய கலாசாலையிற் பயின்ற எவரும் இதன் காரணத்தை உணர்வர்.

குறைந்த தராதரமுடைய நம்மவர்க்கு இதுவரை பெரிதும் பயன்பட்ட நாடு மாலைதீவு. அங்கிருந்து வரும் மாசி நம் அடுக்களைக்குப் பழகியது; இங்கிருந்து ஆசிரியர் அங்குச் சென்றனர். 1960 களில் ஆங்கிலமொழிக் கல்வியைத் தொடங்கிய அந்நாடு, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியரை வரவழைத்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர் பலர் சிறு தீவுகளிற் கற்பித்துக் குடும்பத்தை உயர்த்தினர். ஆனால் அக்கதவும் முன்போல அகலத் திறந்திருக்கவில்லை. 2011 இல் அந்நாட்டுக்கெனத் தேசிய பல்கலைக்கழகம் அமைந்தது; உள்நாட்டு ஆசிரியர் பெருகுகின்றனர்; வெளியாரிடம் உயர்ந்த தராதரம் எதிர்பார்க்கப்படுகின்றது.

இந்நிலையில் நம் கரையோர இளைஞரிடத்து உள்ள ஒரு செல்வத்தை அவர்களே உணர்ந்திலர். உடப்பிலும் முந்தலிலும் சிலாபத்திலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் தமிழுடன் சிங்களத்தையும் பேசக் கற்றவர். மாலைதீவின் திவெகி மொழி சிங்களத்துக்கு நெருங்கிய உறவினது. மாணவனின் தாய்மொழி எவ்வாறு இயங்குகின்றது என அறிந்த ஆசிரியன், அவன் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுவான் என்பதை முன்னரே அறிவான். ஆங்கிலத்தைத் தாய்ப்பாலுடன் பருகியவர்க்கு இவ்வறிவு எளிதிற் கிட்டாது. பாடுபட்டுக் கற்றவனுக்கே கிட்டும்.

ஆகவே நாம் கூறுவது இதுவே: தராதரம் குறைந்தோர் முதலில் இங்கே கற்பித்துப் பழகட்டும். உயர்தரம் சித்தியடைந்தோர்க்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உண்டு. இத்தகைய கல்லூரிகள் 1985 முதல் இயங்கிவருவன. அங்குப் பெறும் பயிற்சி செலவின்றிக் கிடைப்பது. பின்னர் அரசாங்கப் பாடசாலையிற் சில ஆண்டு சேவை செய்யுங் கடப்பாடு உண்டு. அதனைத் தளையென எண்ணற்க. அவ்வாண்டுகளே அநுபவமாகி நாளை மதிக்கப்படும்.

போவோர் விழிப்புடன் போகவேண்டும். முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாவதோ என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தறிக. சுற்றுலா விசாவில் அனுப்பிப் பின்னர் மாற்றித் தருவோம் என்பாரை நம்பற்க. பாடசாலையின் பெயர், சம்பளம், உறைவிடம், விடுமுறை, திரும்பும் பயணச் செலவு ஆகியன எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்திற் கையொப்பமிடற்க. இல்லாத பட்டத்தைக் காகிதத்தில் உண்டாக்கித் தருவாரை வீட்டு வாயிலிலும் ஏற்றற்க. அத்தகைய காகிதம் ஒருநாள் வெளிப்படும். அன்று இழப்பது வேலையொன்றை மட்டுமன்று, பின்னே வரும் நம்மூரார் அனைவரின் நம்பிக்கையையுமாம்.

இனி, இங்கிருக்கும் பிள்ளைகளின் நிலை யாது? கரைவலை இழுப்போரின் மக்கள் பலர், ஆங்கிலம் கற்பிப்பார் போதாமையால் க.பொ.த. சாதாரண தரத்தில் அப்பாடத்தில் இடறுகின்றனர். ஆங்கிலம் அறிந்தோர் கடல் கடக்க, அறியாதோர் கரையில் நிற்றல் ஊருக்கு நன்றன்று. போவோரைத் தடுப்பதும் முறையன்று. இரண்டையும் இணைக்கும் வழியொன்றைப் பழைய மாணவர் சங்கத்தின் முன் வைக்கின்றோம். உயர்தரம் முடித்த ஆர்வமுள்ள இளைஞர், அநுபவமிக்க ஆசிரியரின் மேற்பார்வையில், மாலை வேளைகளில் இரண்டாண்டு சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பிக்கட்டும். சங்கம் அவர்க்குச் சிறு உதவித்தொகை அளிக்கட்டும். அதிபர் அவர்தம் சேவையை உண்மையாக எழுதி உறுதிப்படுத்தட்டும். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர், ஒப்பந்தங்களை வாசித்து ஆலோசனை கூறுவாராக.

இதனால் இளைஞர்க்கு மெய்யான அநுபவம் கிடைக்கும். சிறுவர்க்கு ஆங்கிலம் கிடைக்கும். கட்டடமும் விளையாட்டுக் கிண்ணமும் அளிக்கும் பழைய மாணவர், இப்பணியையும் விழாவின் நினைவாக மேற்கொள்வாராயின், கல்லூரி அன்னை பெரிதும் மகிழ்வாள்.