விழுந்த தென்னைக்கு 600 ரூபாய்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பொழுது விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பாட்டன் நட்டதும் அப்பன் நட்டதும் ஒரே இரவில் போயின. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்றதால் உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. அதற்காக அரசுக்குக் கிடைத்த பாராட்டு நியாயமானது. ஆனால் முகாமிலிருந்து வீடு திரும்பியவர்களுக்குப் பிழைப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை.

சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். மறுநடவுக்கும் பராமரிப்புக்கும் ஹெக்டேருக்கு மேலும் 72,100 ரூபாய். அப்போதைய மத்திய அரசு விதியில் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான், அதுவும் இரண்டு ஹெக்டேருக்கு மேல் கிடையாது. அதோடு பார்த்தால் மாநில அரசு கை நிறையவே கொடுத்தது. ஆனாலும் தோப்புக்காரர்களின் ஆற்றாமை தீரவில்லை.

ஏன் தீரவில்லை என்பது ஒரு மரத்தின் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். நன்றாகக் காய்க்கும் மரம் வருஷத்துக்கு நூறு காயாவது கொடுக்கும். தோப்பு விலை காய் பத்து ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். அந்த மரத்தின் இடத்தில் இன்று ஒரு நெட்டைத் தென்னம்பிள்ளையை வைத்தால் அது பாளை விட ஆறேழு வருஷம் ஆகும். காய்ப்பு சீராக இன்னும் சில வருஷம். அத்தனை வருஷமும் அந்தக் குழிக்குத் தண்ணீர், எரு, ஆள் கூலி. ஆக, ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத வருமானம் போன இடத்தில் 600 ரூபாய் வந்தது. நிவாரணம் அந்த மரத்தின் எட்டு மாத வருமானத்துக்குக்கூடக் கட்டி வரவில்லை.

விழுந்த மரத்தை அகற்றுவதே பெரும்பாடு. மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, கூலியும் ஏறியது. வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் மரம் விழுந்தால் அடிமரத்துக்கு என்ன விலை கிடைக்கும்? கிடைத்ததை வாங்கிக்கொண்டு அனுப்பியவர்கள் உண்டு. கணக்கெடுக்க ஆள் வரும்வரை மரத்தைத் தொடத் தயங்கியவர்களும் உண்டு, சாட்சி போய்விடுமே என்ற பயம். அப்படிக் கிடந்து மக்கிய தண்டுகளில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புதிதாக நட்ட பிள்ளையின் குருத்தைத் துளைப்பதும் அதே வண்டுதான். லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்து, ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. ‘ஒரு மரத்துக்கு இவ்வளவு’ என்று வகுக்கும் எந்த விதியிலும் இந்த இழப்புகளுக்கு இடமில்லை.

தோப்பு வைத்திருந்தவருக்காவது பட்டா இருந்தது. மரம் ஏறியவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும், கயிறு திரித்தவருக்கும் சில நாள் படிக்கு மேல் விதிகளில் எதுவும் இல்லை. தோப்பு மறுபடி காய்க்கும்வரை அவர்களுக்கும் வேலை கிடையாது. கணக்கெடுப்பில் அவர்கள் பெயர் வரும் ஒரு கட்டம்கூட இல்லாததை நான் பெரிய அநீதியாகவே பார்க்கிறேன்.

குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். டெல்டாவில் கோயில் நிலத்தையும் தனியார் நிலத்தையும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் எடுத்துச் சாகுபடி செய்பவர்கள் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் நிலக்காரர் அடுத்த போகத்துக்கு நிலம் தரமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் புயலுக்குப் பிறகு சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் என்று கட்டி எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் நிற்கும்போது, விதைத்தவர் கையில் காகிதம் இல்லை. காகிதம் வைத்திருப்பவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும் வீடுகளிலும் இதே திண்டாட்டம்.

இதையெல்லாம் தாண்டி டெல்லியிலிருந்து எவ்வளவு வந்தது என்ற கேள்விக்கு வருவோம். கஜாவுக்குத் தமிழகம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். 2018 டிசம்பர் 31 அன்று ஒப்புதல் கிடைத்தது 1,146.12 கோடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் தத்தளித்தன. இரண்டுக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி. வழக்கமான மாநிலப் பேரிடர் நிதித் தவணைகளாக அந்த ஆண்டு 900 கோடி வந்தது. தேசிய பேரிடர் நிதியிலிருந்து 2024 ஏப்ரலில் ஒப்புதலானது 682.67 கோடி, மாநில நிதியில் இருந்த இருப்பைக் கழித்துக்கொண்டு கைக்கு விட்டது 276.10 கோடி. அதற்குள் தமிழக அரசு உச்ச நீதிமன்றப் படியேறிவிட்டது. 2024 இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலுக்குத் தேசிய நிதியிலிருந்து 522.34 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தபோது 2025 ஏப்ரல் ஆகியிருந்தது.

இந்த இடைவெளிக்கு அரசியலை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மாநிலம் அனுப்பும் மனுவில் உடைந்த பாலம், அரித்துப்போன சாலை, மின்கட்டமைப்பு, குடிநீர்த் திட்டம் என்று நிரந்தரமாகச் சீரமைக்க வேண்டிய அத்தனையும் இருக்கும். தேசிய பேரிடர் நிதி விதிகளோ உடனடி நிவாரணத்துக்கும் தற்காலிகச் சீரமைப்புக்கும் மட்டுமே பணம் தரச் சொல்கின்றன. மத்தியக் குழு வந்து, விதியில் உள்ள வரிகளை மட்டும் கூட்டிக் கழித்துவிட்டுப் போகிறது. இப்படி ஒவ்வொரு புயலுக்கும் ஒரு மனு, ஒரு மறுப்பு, ஒரு அறிக்கைப் போர் என்று நடந்துகொண்டே இருக்கிறது. உடைந்ததைத் திரும்பக் கட்டும் பொறுப்பு யாருடையது என்பது மட்டும் தீராமலே கிடக்கிறது.

அதற்கு ஒரு வழி இல்லாமல் இல்லை. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக் குழு, மாநிலங்களின் பேரிடர் நிதி மொத்தத்தை 1,60,153 கோடி என்று வைத்து, அதை நான்காகப் பிரித்தது. நிவாரணத்துக்கு 40 சதவீதம், மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் 30, முன்தயாரிப்புக்கு 10, பேரிடர் பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு 20. தேசிய நிதியிலும் மறுகட்டமைப்புக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அந்தப் பங்கைச் செலவழிக்கும் வழிமுறைகள் 2024-ல்தான் வந்தன. 2023 மழையில் சிதைந்த இமாச்சலப் பிரதேசத்துக்கு அதிலிருந்து 2,006.40 கோடி ரூபாய்க்கு 2025 ஜூனில் ஒப்புதல் கிடைத்தது. இரண்டு வருஷம் தாமதம் என்றாலும், கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. ஜோஷிமட் நிலவெடிப்புக்கும் சிக்கிம் பனியேரி வெள்ளத்துக்கும் இதே வழியில் பணம் போனது. எனவே தமிழக அரசு ஒவ்வொரு பெரிய பேரிடருக்குப் பின்னும் நிவாரண மனுவோடு நிற்காமல், மறுகட்டமைப்புக்கான முழு மதிப்பீட்டையும் தனியாகத் தயாரித்து, அதற்கென்று உள்ள ஒதுக்கீட்டில் கேட்டுப் பெற வேண்டும். மத்திய அரசும், மதிப்பீடு கையில் வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் முடிவு என்று ஒரு கெடுவை விதியிலேயே எழுத வேண்டும்.

விதிகளையும் திருத்தியாக வேண்டும். 2022-ல் வந்த விதிகள் 2025-26 நிதியாண்டு வரைக்குமானவை. அவற்றின்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். சம்பா நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் பார்த்தால் ஏழாயிரம்கூட வராது. நடவு, உரம், களையெடுப்பு என்று கதிர் வரும்வரை ஆகும் செலவு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதுவும் சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால்தான். முப்பது சதவீதம் போன வயலுக்கு ஒரு காசு கிடையாது. தென்னைக்கும் முந்திரிக்கும் மாவுக்கும் மரத்தின் வயதையும், மறுபடி காய்க்க எடுக்கும் வருஷங்களையும் கணக்கில் எடுத்து, ஒரே தவணையாக இல்லாமல் ஆண்டுதோறும் உதவித்தொகை தர வேண்டும். ரப்பர் போல வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பயிர்களுக்கும் இதே நியாயம்தான்.

காப்பீடு இல்லையா என்று கேட்கலாம். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டில் 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டு பிரீமியம் 9 ரூபாய், 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய் என்று இருந்தது. அதில் முக்கால் பங்கை வாரியமும் மாநிலமும் ஏற்கும். விவசாயி கட்ட வேண்டியது மரத்துக்கு இரண்டேகால், மூன்றரை ரூபாய். இழப்பீடு 900, 1,750. கஜா வந்தபோது அந்தத் திட்டம் இருந்தது. ஆனால் சாய்ந்த தோப்புகளில் மிகப் பெரும்பாலானவை அதில் சேரவில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. ரேஷன் கடைக்கும் பால் சொசைட்டிக்கும் தினமும் வந்து போகிற மனிதரிடம் ஒரு துண்டறிக்கை சேராமல் போனதற்கு விவசாயியைக் குறை சொல்ல முடியாது. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கும்போதே மரத்தைக் காப்பீட்டில் சேர்த்துவிடும் ஏற்பாடு வேண்டும், தொகையும் உயர வேண்டும்.

பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கு என்று ஒதுக்கிய அந்த 20 சதவீதத்தில் நம் ஊருக்கு என்ன வந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. கடலோரத்தில் மின்கம்பிகளைத் தரைக்குள் புதைப்பது, தோப்பைச் சுற்றிக் காற்றுத்தடுப்பு மரவரிசை வளர்ப்பது, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை விரிவாக்குவது, வடிகால் வாய்க்கால்களை மழைக்கு முன்பே தூர்வாருவது, ஓலைக்கூரைகளை உறுதியான வீடுகளாக்குவது எல்லாம் இந்தப் பணத்தில் செய்ய வேண்டிய வேலைகள். எந்தப் பஞ்சாயத்தில் என்ன வேலை, எவ்வளவு தொகை என்ற பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

குத்தகைக்காரர் பிரச்னைக்கும் தீர்வு ஊருக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் போகம் எந்த வயலில் யார் சாகுபடி செய்கிறார் என்பது ஊருக்குத் தெரியாதா? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சாகுபடியாளர் பட்டியலை உறுதிமொழியாக எழுதி வாங்கி, கிராம சபையில் வாசித்து, வி.ஏ.ஓ. பதிவேட்டில் ஏற்றலாம். நிவாரணத்துக்கு மட்டும் செல்லும், நில உரிமையைப் பாதிக்காது என்று அரசாணையில் தெளிவாக எழுதிவிட்டால் நிலக்காரருக்கும் அச்சம் இருக்காது. தென்னைத் தொழிலாளர்களையும் கீற்று முடையும் பெண்களையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 2-ம் தேதியும் நவம்பர் 1-ம் தேதியும் தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடுகிறது. புயல் காலம் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். அந்தக் கூட்டங்களுக்குப் போங்கள். சாகுபடியாளர் பட்டியலைக் கேளுங்கள், உங்கள் ஊருக்கு ஒதுக்கிய பேரிடர்த் தடுப்புப் பணம் எங்கே என்று கேளுங்கள், பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள்.