சின்சினாட்டியில் இன்னும் விழாத கையெழுத்துகள்

கடந்த சீசனில் சின்சினாட்டி பெங்கால்ஸ் தோற்ற நான்கு ஆட்டங்கள் இன்னும் எனக்கு ஆறவில்லை. வாஷிங்டனிடம் 38-33. பால்டிமோரிடம் 41-38. மறுபடியும் பால்டிமோரிடம் 35-34. பிட்ஸ்பர்க்கிடம் 44-38. அமெரிக்கக் கால்பந்தில் 33 புள்ளி எடுத்த அணி பெரும்பாலும் ஜெயித்துவிடும். பெங்கால்ஸ் அத்தனை புள்ளி எடுத்தும் நான்கு முறை தோற்றது. இவற்றில் ஒன்றே ஒன்றை வென்றிருந்தால்கூட பிளேஆஃபில் இடம் கிடைத்திருக்கும். 9 வெற்றி, 8 தோல்வி என்று கணக்கு முடிந்தது; தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக பிளேஆஃப் இல்லை.

தாக்குதலைக் குறை சொல்ல வழியில்லை. குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 4,918 யார்டு வீசினார், 43 டச் டவுன் கொடுத்தார். இரண்டிலும் லீகில் அவர்தான் முதல். ஜமார் சேஸ் 127 பந்துகளைப் பிடித்து 1,708 யார்டு, 17 டச் டவுன் என்று மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தார். ஓட்டை இருந்தது தற்காப்பில். அதனால்தான் தற்காப்புப் பயிற்சியாளர் லூ அனரூமோவை ஜனவரியிலேயே அனுப்பிவிட்டு, நோட்ர டேம் பல்கலைக்கழக அணியிலிருந்து ஆல் கோல்டனை அழைத்து வந்தார்கள்.

பயிற்சியாளர் வந்துவிட்டார். இன்னும் சில நாட்களில், இந்த 2025 ஜூலையிலேயே, பயிற்சி முகாம் தொடங்குகிறது. அவர் பயிற்சி கொடுக்க வேண்டிய ஆட்களைத்தான் காணவில்லை.

எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை வீசுவதற்குள் பாய்ந்து அவரைத் தரையில் சாய்ப்பதற்கு சாக் என்று பெயர். தற்காப்பில் அதைவிட விலை மதிப்புள்ள வேலை கிடையாது. கடந்த ஆண்டு லீகிலேயே அதிக சாக் எடுத்தவர் பெங்கால்ஸின் ட்ரே ஹெண்ட்ரிக்சன்: 17.5. அதற்கு முந்தைய ஆண்டும் 17.5. அணி மொத்தமாக எடுத்த சாக்குகளில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மனிதருடையது. மற்ற பத்துப் பேரும் தடுமாறிக்கொண்டிருந்த தற்காப்பில் அவர் இதைச் செய்தார். ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தார்.

இந்த ஆண்டுக்கு அவருடைய சம்பளம் 1.6 கோடி டாலர். அவர் புதிய ஒப்பந்தம் கேட்கிறார். இல்லையென்றால் வேறு அணிக்கு மாற்றிவிடச் சொன்னார். மார்ச்சில் வேறு அணியைத் தேடிப் பார்க்க அனுமதியும் கொடுத்தார்கள், எதுவும் அமையவில்லை. மே மாதம் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது சாதாரண உடையில் மைதானத்துக்கு வந்து, இப்போதைய ஒப்பந்தத்தில் ஆட மாட்டேன் என்று நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். ஜூன் மாதக் கட்டாயப் பயிற்சிக்கு வரவில்லை.

1.6 கோடி டாலர் ஒரு மனிதனுக்குப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பதிலும் சொல்ல வேண்டும். இந்த மார்ச்சில் லாஸ் வேகஸ் அணி மேக்ஸ் கிராஸ்பிக்கு ஆண்டுக்குச் சராசரி 3.55 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. கிளீவ்லாண்டில் மைல்ஸ் கேரட் பிப்ரவரியில் என்னை மாற்றிவிடுங்கள் என்றார். மார்ச்சில் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டு அங்கேயே தங்கிவிட்டார். பிட்ஸ்பர்க்கில் டி.ஜே. வாட் தன் முறைக்குக் காத்திருக்கிறார். கடந்த ஆண்டு இவர்கள் எல்லோரையும்விட அதிக சாக் எடுத்தவருக்கு கிராஸ்பி, கேரட் சம்பளத்தில் பாதிகூட இல்லை.

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் இருவரையும் சமமாகக் கட்டும் தாள் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த லீகில் அப்படி இல்லை. நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் வரும் தொகையில் உத்தரவாதம் என்று எழுதிய பகுதி மட்டுமே உறுதி. மிச்சத்தை நிர்வாகம் எந்த ஆண்டும் வெட்டலாம். மூன்று வருடத்துக்கு என்று எழுதிக்கொடுத்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் நினைத்த மாதம் காலி செய்யச் சொல்லலாம், குடியிருப்பவர் மட்டும் நடுவில் கிளம்பக் கூடாது என்றால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது. இதே பெங்கால்ஸ் கடந்த மாதம் லைன்பேக்கர் ஜெர்மெய்ன் பிராட்டை ஒப்பந்தத்தில் ஓராண்டு மிச்சமிருக்கும்போதே விடுவித்தது. யாரும் அதை வாக்கு மீறல் என்று சொல்லவில்லை. ஆட்டக்காரர் அதே ஓராண்டை முன்வைத்துப் பேசினால் மட்டும் பேராசை என்கிறார்கள்.

ஆட்டக்காரரிடம் இருக்கும் ஒரே பிடி, வராமல் இருப்பது. அதற்கும் விலை வைத்திருக்கிறார்கள். 2020-இல் போட்ட தொழிற்சங்க உடன்பாட்டின்படி, ஹெண்ட்ரிக்சனைப் போன்ற மூத்தவர் முகாமுக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் 50,000 டாலர் அபராதம். நிர்வாகமே மனம் இரங்கி விட்டுக்கொடுக்க நினைத்தாலும் விட முடியாது, விதி அப்படி.

நிர்வாகத்தின் பக்கத்திலும் ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2021-இல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து அவரை 4 ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்று கொண்டுவந்தபோது, ஒரே ஒரு நல்ல சீசனை நம்பி இவ்வளவா என்று கேட்டவர்கள் பலர். நிர்வாகம் நம்பியது. 2023-இல் இன்னும் ஓராண்டு நீட்டிப்புக்கு அவரே விரும்பிக் கையெழுத்திட்டார். இந்த டிசம்பரில் அவருக்கு 31 வயது. இந்த வேலையில் கால்வேகம் குறைந்தால் ஒரே இரவில் குறைந்துவிடும். நீண்ட கால உத்தரவாதம் கொடுக்கத் தயங்குவது புரிகிறது. ஆனால் அந்த நான்கு சீசனில் அவர் கொடுத்த சாக் 57. போட்ட பணம் பல மடங்காகத் திரும்பிவிட்டது.

ஹெண்ட்ரிக்சன் விஷயத்திலாவது பெரிய தொகை இருக்கிறது. ஷெமார் ஸ்டூவர்ட் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டின் முதல் சுற்றில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து 17-வது ஆளாக எடுத்த இளைஞர் இவர். 2011-க்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளத்தில் பேரம் என்று ஒன்றே இல்லை. எத்தனையாவது ஆளோ அதற்கென்று தொகை ஏற்கெனவே வகுத்தாகிவிட்டது. 17-வது இடத்துக்கு நான்கு ஆண்டில் சுமார் 1.9 கோடி டாலர். தொகையில் தகராறு இல்லை. தகராறு ஒரு ஷரத்தில். ஆட்டக்காரர் ஏதோ ஓர் ஆண்டில் ஒழுங்கு மீறி உத்தரவாதத்தை இழந்தால், அந்த ஆண்டோடு நில்லாமல் மிச்ச ஆண்டுகளின் உத்தரவாதமும் சேர்ந்து போகும்படி எழுத நிர்வாகம் விரும்புகிறது. மற்ற பல அணிகளின் ஒப்பந்தங்களில் இப்படி இருப்பது உண்மை. ஆனால் இதே அணியில் கடந்த ஆண்டு 18-வது ஆளாக வந்த அமேரியஸ் மிம்ஸுக்கு இப்படி எழுதவில்லை. அவருக்கு எழுதியதையே எனக்கும் எழுதுங்கள் என்கிறார் ஸ்டூவர்ட்.

புதிய ஷரத்தைப் புகுத்த நினைக்கும் நிர்வாகம் அதற்குப் பதிலாக ஏதாவது கொடுக்கும். முன்பணத்தைச் சீக்கிரம் தரும், வேறொரு சலுகை தரும். இங்கே அப்படி எதுவும் இல்லாமல் வெறும் கட்டளையாகவே அது வந்திருக்கிறது. இளைஞரும் அசையவில்லை. வசந்த காலப் பயிற்சிகளில் ஒரு நாள்கூட அவர் களத்தில் இறங்கவில்லை. ஓரமாக நின்று பார்த்தார், கூட்டங்களில் உட்கார்ந்தார், ஜூன் கட்டாயப் பயிற்சி முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் முழுதாகப் பழுத்த ஆட்டக்காரராக இருந்தால் இது பெரிய நஷ்டமில்லை. கல்லூரியில் மூன்று சீசனுக்கும் சேர்த்து அவர் எடுத்த சாக் 4.5-தான். உடலும் வேகமும் அபாரம், கைநேர்த்தி இன்னும் வரவில்லை என்று தெரிந்தேதான் எடுத்தார்கள். அதாவது, பயிற்சி முகாம் யாருக்கு மிக அவசியமோ அவரையே ஒரு வரிக்காக வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1999-இல் மூன்றாவது ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் அகிலி ஸ்மித்தும் இதே அணியில் ஒப்பந்தச் சண்டையில் முகாமின் பெரும்பகுதியை இழந்தார். பிறகு நான்கு ஆண்டில் 17 ஆட்டங்களைத் தொடங்கி மூன்றில் மட்டும் வென்றார். அவருடைய வீழ்ச்சிக்கு அந்த ஆகஸ்ட் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அவருக்குக் கெடுதல்தான் செய்தது.

இரண்டாம் சுற்றில் எடுத்த லைன்பேக்கர் டிமீட்ரியஸ் நைட்டும் கையெழுத்திடவில்லை. அது சின்சினாட்டியின் குற்றம் இல்லை. ஹூஸ்டன் தன் இரண்டாம் சுற்று ஆட்டக்காரர் ஜேடன் ஹிக்கின்ஸுக்கு முழுத் தொகையையும் உத்தரவாதமாக எழுதிக் கொடுத்தது, கிளீவ்லாண்டும் பின்தொடர்ந்தது. அந்தச் சுற்றின் மற்ற 30 பேரும் எங்களுக்கும் அதுவே என்று காத்திருக்கிறார்கள். தானாகத் தீரும். தாக்குதல் வரிசையில் கார்டாக யார் தொடங்குவது, பிராட் போன இடத்தில் யார் என்பதெல்லாம் எல்லா முகாமிலும் இருக்கும் கேள்விகள். 90 பேர் வருவார்கள், ஆகஸ்ட் கடைசியில் 53 பேர் மிஞ்சுவார்கள்.

தீராதது, சாக் எடுக்கப் பாயும் விளிம்பு வரிசைதான். சாம் ஹப்பர்ட் மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார். ஹெண்ட்ரிக்சன் இல்லை, ஸ்டூவர்ட் இல்லை என்றால் கோல்டனிடம் மிஞ்சுவது ஜோசப் ஓசாயும் மைல்ஸ் மர்ஃபியும். ஓசாய் உழைப்பாளி, கடந்த ஆண்டு 5 சாக். மர்ஃபி 2023-இன் முதல் சுற்றுத் தேர்வு. கடந்த சீசனில் ஒரு சாக்கூட இல்லை.

ஏன் இந்த அணி மட்டும் இப்படி? பால் பிரவுன் 1968-இல் களமிறக்கிய அணி இது. அவர் மகன் மைக் பிரவுன் இன்று உரிமையாளர், பேத்தி கேட்டி பிளாக்பர்ன் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்கிறார். மற்ற பல உரிமையாளர்களுக்கு எண்ணெயிலோ மென்பொருளிலோ வேறு சொத்து உண்டு. இந்தக் குடும்பத்துக்கு அணியே சொத்து. பின்னாளில் தரப்போகும் உத்தரவாதத் தொகையை இப்போதே தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது லீக் விதி. கையில் ரொக்கம் குறைவான குடும்பத்துக்கு அது பாரம். எனவே முதலாண்டுக்கு அப்பால் உத்தரவாதம் எழுதுவதில்லை என்பதை ஏறக்குறைய குலவழக்கமாக வைத்திருந்தார்கள். பர்ரோவுக்காக 2023-இல் அதைத் தளர்த்தினார்கள். இந்த மார்ச்சில் சேஸுக்கு 4 ஆண்டு, 16.1 கோடி டாலர் என்று எழுதியபோது மறுபடியும் தளர்த்தினார்கள். சேஸைப் போலவே பந்து பிடிக்கும் டீ ஹிக்கின்ஸுக்கும் 11.5 கோடி. முடியாது என்றிருந்தவை முடிந்தன. அந்த வாரம் இந்த அணியைப் பற்றி எனக்கு வந்த நம்பிக்கை பெரியது.

பிடிவாதம் பலன் தந்த நினைவும் அவர்களிடம் இருக்கிறது. 2011-இல் குவார்ட்டர்பேக் கார்சன் பாமர் மாற்றம் கேட்டு வீட்டில் உட்கார்ந்தார். மைக் பிரவுன் அசையவில்லை. அக்டோபரில் ஓக்லாந்து பதறி வந்து முதல் சுற்று, இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து அவரை வாங்கிப் போனது. அந்த வெற்றியைக் குடும்பம் மறந்திருக்காது. மறந்துவிட்டது 2022-ஐ. சேஃப்டி ஜெஸ்ஸி பேட்ஸுக்கு நீண்ட கால ஒப்பந்தம் கொடுக்காமல் வேறு அணிக்குப் போகவிடாமல் ஓராண்டுக்கு மட்டும் பிடித்துவைக்கும் முத்திரையில் நிறுத்தினார்கள்; ஆகஸ்ட் கடைசியில் வந்தார், நன்றாக ஆடினார், அடுத்த மார்ச்சில் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். அந்த இடம் இன்றுவரை சரியாக அடைபடவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடந்த மாதம்தான் மைதானக் குத்தகை புதுப்பிக்கப்பட்டது. 47 கோடி டாலர் புதுப்பிப்பு வேலையில் 35 கோடியை ஹாமில்டன் கவுண்டி, அதாவது அந்த ஊர் மக்கள், ஏற்கிறார்கள். 1996-இல் விற்பனை வரியை உயர்த்தச் சம்மதித்து இந்த மைதானத்தைக் கட்டிக்கொடுத்ததும் அதே மக்கள்தான். அவர்களுடைய அணி இதுவரை ஒரு சூப்பர் பவுல்கூட வென்றதில்லை. 2022 பிப்ரவரியில் 23-20 என்று கைக்கெட்டும் தூரத்தில் போனது. அவர்கள் இவ்வளவு கொடுத்த பிறகு, ஒரு புதுமுகத்தின் ஒப்பந்தத்தில் ஒரு வரிக்காக முகாமைத் தியாகம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகஸ்ட் நாட்கள் இந்த அணிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தலைமைப் பயிற்சியாளர் ஸாக் டெய்லர் 2019-இல் வந்ததிலிருந்து சீசனின் முதல் இரண்டு வாரங்களில் 12 ஆட்டம் ஆடி, 1 வென்று 11 தோற்றிருக்கிறார். கடந்த ஆண்டு முதல் மூன்றும் தோல்வி. அந்தத் தோல்விகளுக்கு முந்தைய முகாமில் சேஸ் ஒப்பந்தத்துக்காகப் பயிற்சியில் சேராமல் நின்றது நினைவிருக்கும். கடைசி ஐந்து ஆட்டங்களையும் வென்றும் பள்ளத்திலிருந்து ஏற முடியவில்லை.

என் யோசனை எளியது. ஸ்டூவர்ட்டுக்கு மிம்ஸின் வாசகத்தை அப்படியே எழுதிக் கொடுத்து இந்த வாரமே கையெழுத்து வாங்கட்டும். அந்த ஷரத்து அவ்வளவு அவசியம் என்றால் அடுத்த ஆண்டு டிராஃப்டுக்கு முன்பே அறிவித்துவிட்டுத் தொடங்கட்டும்; அப்போது யாரும் ஏமாற்றப்பட்டதாக நினைக்க மாட்டார்கள். ஹெண்ட்ரிக்சனுக்கு நீண்ட ஒப்பந்தம் வேண்டாம். இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும், இரண்டும் முழு உத்தரவாதத்தோடு, கிராஸ்பிக்கு நெருங்கிய தொகையில். வயது குறித்த பயத்துக்கு இரண்டே ஆண்டு என்பது பதில். மரியாதை குறித்த அவருடைய கேள்விக்கு உத்தரவாதம் பதில். பர்ரோவுக்கு இப்போது 28 வயது. இப்படி ஒரு குவார்ட்டர்பேக் கையில் இருக்கும் ஆண்டுகள் எண்ணி வருபவை, அவற்றில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. செப்டம்பர் 7 அன்று கிளீவ்லாண்டில் முதல் ஆட்டம்.