வத்தலக்குண்டைத் தாண்டிப் போனவர்கள்

கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டில் நிற்கும். டீ குடிப்போம், பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்குவோம், மலை ஏறத் தொடங்கியதும் ஜன்னலைத் திறப்போம். பழனி மலை அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் எத்தனை தடவை இப்படிப் போயிருப்போம்! இது பி. ஆர். ராஜமய்யர் பிறந்த ஊர் என்று ஒரு தடவையாவது பிள்ளைகளிடம் சொன்னோமா? இல்லை.

தெரியாது என்று தப்பிக்கவும் வழியில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர்தான். பிரதாப முதலியார் சரித்திரத்தை அடுத்து வரும் தமிழ் நாவல் கமலாம்பாள் சரித்திரம், எழுதியவர் ராஜமய்யர். ஒரு மார்க். என்னைப்போல் தமிழாசிரியர் ஆனவர்கள் அந்த ஒரு மார்க்கை அடுத்த தலைமுறைக்கும் கொடுத்தோம். புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

நான் அதை முழுதாகப் படித்தபோது ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1872இல் பிறந்தவர் 1893இல் விவேக சிந்தாமணி பத்திரிகையில் இதைத் தொடராக எழுத ஆரம்பித்திருக்கிறார். அந்த வயதில் ஒரு வீட்டின் உள்ளறை இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிந்தது? சிறுகுளம் கிராமம், அங்கே பெண்கள் கூடும் 'வம்பர் மகாசபை', கமலாம்பாள்மேல் விழும் அபவாதம், அதைக் கேட்டு உடைந்துபோகும் அவள் கணவர் முத்துஸ்வாமி ஐயர். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வரும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தச் சிரிப்பை என் மாணவர்களுக்குக் கிடைக்காமல் செய்தது நான்தானே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

1896இல் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். இரண்டே ஆண்டு. 1898இல், 26 வயதில், இறந்துவிட்டார். பத்திரிகை இமயமலைப் பக்கம் போய் இன்றும் வெளிவருகிறது. சரியாக நூறு ஆண்டு கழித்து, ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற ஆய்வாளர் நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கடல் தாண்டி வந்தவர் தேடிப் படித்ததை, பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

'மணிக்கொடி' பத்திரிகையின் பி. எஸ். ராமையாவும், 'எழுத்து' பத்திரிகையை நடத்திய சி. சு. செல்லப்பாவும் இதே வத்தலக்குண்டுக்காரர்கள்தான். செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றதை வகுப்பில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறோம். அவர் ஏன் அப்படி அலைய வேண்டியிருந்தது என்று எந்தப் பையனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.