புட்டிக்குள் 12 தேக்கரண்டி சர்க்கரை

ஜனங்களுக்கு வியாதி வந்துவிட்டால் அவர்களுக்குப் புத்திமதி சொல்லுவது மிகவும் சுலபமான காரியம். "வாயைக் கட்டு" என்பார் வைத்தியர். "எல்லாம் தலையெழுத்து" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் அந்த வியாதிக்குக் காரணமான சரக்கைத் தயார் செய்து, தெருவுக்குத் தெரு படம் ஒட்டி, குழந்தைகள் கையில் திணித்துப் பணம் சேர்க்கிறவனை மாத்திரம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

மெக்சிகோ தேசத்தார் கேட்டார்கள். இனிப்புச் சோடாப் பானங்களை உலகிலேயே மிக அதிகமாய்க் குடித்துவந்த தேசங்களில் அதுவும் ஒன்று. நீரிழிவோ வீடுதோறும் புகுந்த வியாதி. பானக் கம்பெனிகளின் செல்வாக்கு சாமானியமானதல்ல. 2000 முதல் 2006 வரை அங்கு ஜனாதிபதியாய் இருந்த விசென்டே ஃபாக்ஸ் என்பவரே முன்பு கோகோ-கோலா கம்பெனியின் மெக்சிகோ கிளைக்குத் தலைவராய் இருந்தவர் என்றால் வேறு சாட்சி எதற்கு?

அப்படிப்பட்ட இடத்தில் நுகர்வோர் சங்கத்தாரும், பொது சுகாதாரத்தில் கவலையுள்ள பல ஸ்தாபனத்தாரும் ஒன்றுகூடினார்கள். சரக்கு விற்கிறவன் கையாளும் விளம்பர வித்தையையே அவர்களும் கையாண்டார்கள். அவன் ஆசையை விற்றான்; இவர்கள் உண்மையை விற்றார்கள். 2013இல் தலைநகரின் மெட்ரோ ரயில் நிலையங்களில் படங்கள் ஒட்டி, 600 மில்லி லிட்டர் புட்டி ஒன்றுக்குள் 12 தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறதென்று காட்டினார்கள். அதை அள்ளித் தின்னச் சம்மதிக்காதவன் கரைத்துக் கொடுத்தால் மாத்திரம் குடிப்பானேன் என்பதுதான் கேள்வி. எழுத்து வாசனையில்லாதவனுக்கும் இது விளங்கும். அதோடு நிற்காமல், பானத்துக்கு வரி போடு, வரிப் பணத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் குடிதண்ணீர் கொடு என்று சட்டசபையையும் நெருக்கினார்கள்.

ஏழைகள் தலையில் வரியா என்று கம்பெனிக்காரர்கள் கூச்சலிட்டார்கள். ஏழையின் காலை நீரிழிவு தின்றபோது வராத இரக்கம், அவன் வாங்கும் புட்டிக்கு வரி என்றவுடன் வந்துவிட்டது! 2013 அக்டோபரில் சட்டம் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் லிட்டருக்கு 1 பெசோ வரி அமலுக்கு வந்தது. முதல் வருஷத்தில் வரியுள்ள பானங்கள் வாங்குவது சுமார் 6 சதவிகிதம் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அதிகமாகக் குறைந்தது ஏழைக் குடும்பங்களில்தான்.

நிற்க, இந்தப் பிரசாரத்துக்கு அமெரிக்கச் சீமான் புளூம்பெர்க்கின் தர்மஸ்தாபனப் பணமும் உதவிற்றே என்று சிலர் கேட்கலாம். அது உண்மையே, மறைக்க வேண்டியதில்லை. யார் பணமானாலும், சொன்ன சங்கதி மெய்யா பொய்யா என்பதைத்தான் புட்டியை எடுத்துப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அந்த 12 தேக்கரண்டிக் கணக்கை எவரும் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி விளம்பரத்தில் காட்டும் சந்தோஷத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

வரி ஒன்றினாலேயே நீரிழிவு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. தனித்தனியாய்ப் புத்திமதி கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் ஒன்றுகூடிச் சர்க்காரைக் கேட்டதால்தான் சட்டம் மாறிற்று என்பதே நாம் சொல்லுவது. வாயைக் கட்டு என்று நோயாளிக்குச் சொல்லுகிறவர்கள், விற்கிறவன் கையைக் கட்டுவது யார் பொறுப்பு என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.