ராத்திரி வண்டியும் மேஸ்திரி வேனும்

எங்கள் காலனியில் ரயிலுக்குப் பெயர் கிடையாது. 'ராத்திரி வண்டி' என்றால் ஒன்றுதான். இராமேஸ்வரத்திலிருந்து மதுரை, திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூருக்குப் போன மீட்டர் கேஜ் வண்டி. ஊரே அடங்கின பிறகு ஒட்டன்சத்திரம் ஸ்டேஷனுக்கு வரும். விடியும்போது கோயம்புத்தூரில் இறக்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் அருந்ததியர் காலனியிலிருந்து ஏழெட்டுப் பொம்பளைகள் கிளம்புவார்கள். கையில் தூக்குவாளி, ஒரு பையில் மாற்றுச் சேலை. எங்கம்மாவும் சின்னம்மாவும் அதில் உண்டு. சித்தாள் வேலை. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயசிருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றால் அன்றைக்குக் கூலி அன்றைக்கே. ஒரு நாள் கூட வீணாகாது. லாட்ஜுக்குக் காசில்லாதவளுக்கு அந்தப் பலகை சீட்டுதான் படுக்கை, அதுதான் வீடு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊர் டவுன் பஸ்ஸில் ஏறினால் அம்மா பின்னால் போய் நிற்கும். சீட்டு காலியாகக் கிடந்தாலும் நிற்கும். "உக்காரும்மா" என்று நான் சொன்னால் முறைக்கும். அந்த பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் அம்மா யார் காட்டில் களையெடுக்கிறது, எந்தத் தெரு என்பதெல்லாம் தெரியும். அதே அம்மா ராத்திரி வண்டியில் ஜன்னலோரம் உட்காரும். எதிரே காலை நீட்டும். பக்கத்தில் இருக்கிற முகம் தெரியாத பொம்பளையிடம் வெற்றிலை வாங்கிப் போடும். "டிக்கெட்டுல சாதி எழுதலடி" என்று சின்னம்மா சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் எங்கள் ஊருக்குள் பார்த்ததே இல்லை.

அந்த வண்டியைத்தான் பறித்துக்கொண்டார்கள்.

வரிசையாகச் சொல்கிறேன். 2006–07இல் இராமேஸ்வரம் பாதையை அகலப்படுத்தினார்கள். 2009இல் திண்டுக்கல் – பொள்ளாச்சி மீட்டர் கேஜை மூடினார்கள். 1928இல் போட்ட பாதை அது. அகலப்பாதை வந்தால் பெரிய வண்டி வரும், வேகமாக வரும் என்றார்கள். நாங்களும் நம்பினோம். பழனி வரைக்கும் திறக்க 2012 ஆனது. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் 2015. பொள்ளாச்சியிலிருந்து போத்தனூர் போய்ச் சேர 2017. எல்லாம் சேர்த்து 224 கிலோமீட்டர். பிறகு மின்சாரக் கம்பியும் இழுத்தாயிற்று. தண்டவாளம் பளபளவென்று கிடக்கிறது. ராத்திரி வண்டியை மட்டும் காணோம்.

"ஏன், வண்டியே இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. மதுரையிலிருந்து பழனி வழியாகக் கோயம்புத்தூருக்கு ஒரு எக்ஸ்பிரஸ் காலையில் கிளம்புகிறது, மத்தியானம் போய்ச் சேர்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்கிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்? சித்தாளுக்கு அது ஒரு நாள் கூலி போன கணக்கு. கோயம்புத்தூர் – இராமேஸ்வரம் வண்டியும் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள். அதுவும் ஈரோடு, கரூர், திருச்சி என்று சுற்றிப் போகிறது; திண்டுக்கல் பக்கமே தலைவைப்பதில்லை. திருவனந்தபுரம் அமிர்தா எக்ஸ்பிரஸ் எங்கள் பாதையில் ஓடுகிறது, 2025இல் அதை இராமேஸ்வரம் வரைக்கும் நீட்டினார்கள். நல்லது. ஆனால் அது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குத் திரும்பிவிடுகிறது. எங்கள் சனத்துக்கு வேலை இருப்பது கோயம்புத்தூரில். சென்னைக்கு ராத்திரி வண்டி வேண்டுமா? பாண்டியன், நெல்லை, பொதிகை என்று திண்டுக்கல்லில் வரிசையாக நிற்கும். கோட்டைக்கு மனுக் கொடுக்கப் போகிறவனுக்கு வண்டி உண்டு. கொத்து வேலைக்குப் போகிறவளுக்கு இல்லை. கால அட்டவணையை யாருக்காக எழுதுகிறார்கள் என்பது இதில் தெரிகிறதா இல்லையா?

வண்டி நின்ற பிறகு நடந்ததுதான் நான் பேச வந்த விஷயம். சனம் வேலைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை, வயிறு நிற்காதே. ரயில் போன இடத்தில் மேஸ்திரியின் வேன் வந்து நின்றது.

அந்த வேன் யாருடையது? எந்தக் காட்டில் எங்கம்மா களையெடுத்ததோ அந்தக் காட்டுக்காரரின் பங்காளியுடையது. வேன் வாடகையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். முன்பணம் கொடுப்பார்கள், அது எப்போதும் தீராது. மேஸ்திரி சொல்கிற சைட்டுக்குத்தான் போக வேண்டும், அவர் திரும்பும்போதுதான் திரும்ப வேண்டும். ராத்திரி வண்டி இருந்த காலத்தில் ஒரு மேஸ்திரி கூலியைக் குறைத்தால் எங்கம்மா மறுநாள் வேறு ஆளிடம் போய் நிற்கும். அடுத்த வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடும். வேனில் போனவள் அப்படித் திரும்ப முடியுமா? வண்டி எவன் கையிலோ கூலியும் அவன் கையில். ஊரை விட்டு ஓடிய சனத்தின் பின்னாலேயே ஊர் நான்கு சக்கரத்தில் துரத்திக்கொண்டு வந்த கதை இது.

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு எங்கள் பெண் பிள்ளைகள் போகிறார்கள். மில் பஸ் காலனி முக்கில் வந்து நிற்கும், ஏற்றிக்கொண்டு போய் மில் கேட்டுக்குள் இறக்கும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷம் வேலை வாங்கி, தாலிக்குப் பணம் தருவதாகச் சொன்ன காலத்தை நாம் மறக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் ஒரு டிக்கெட் எடுத்து, தாங்களாக ஒரு இடத்துக்குப் போய், தாங்களாகத் திரும்பி வந்ததுண்டா? போக்குவரத்து என்பது சக்கரமும் தண்டவாளமும் மட்டும் இல்லை. யார் விருப்பத்தில் யார் நகர்கிறார்கள் என்பதும்தான்.

எம்.ஏ. தமிழ் படித்தபோதுதான் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என் கைக்கு வந்தது. 1901. ஒன்பது வயசுப் பிள்ளை அண்ணனோடும் அக்காள் மகனோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறது. புதுச் சட்டை, புதுத் தொப்பி, முதல் ரயில் பயணம். ரயிலுக்குள் ஒரு குறையும் இல்லை. மசூர் ஸ்டேஷனில் இறங்கி, மகார் பிள்ளைகள் என்று சொன்ன உடனே ஸ்டேஷன் மாஸ்டர் பின்வாங்கினார். மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரன் கூட நடந்து வர ஒப்புக்கொண்ட பிறகுதான் பயணம் நடந்தது. ரயில் நின்ற இடத்தில் சாதி ஆரம்பித்தது. நூறு வருஷம் கழித்து எங்கள் ஊரில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள். மாட்டு வண்டிக்காரன் இப்போது வேன் வைத்திருக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை வைத்து ரயிலைக் கும்பிடச் சொல்லவில்லை. தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன்களில் பிராமணர்களுக்குத் தனிச் சாப்பாட்டு இடம் இருந்தது. பெரியார் போராடித்தான் 1941இல் அது ஒழிந்தது. அதைவிட நமக்கு நெருக்கமான சங்கதி ஒன்று இருக்கிறது. அந்த ராத்திரி வண்டியின் கக்கூஸ் ஓட்டை தண்டவாளத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. விடிந்ததும் பிளாட்பாரத்து ஓரத்தில் விளக்குமாறும் தகரமுமாக நின்றது யார்? எங்கள் சாதிதான். அம்மா சுதந்திரமாகக் காலை நீட்டிய வண்டியின் அடியில் எங்கள் பெரியப்பா குனிந்திருந்தார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது ரயில்வேக்கும் சேர்த்தே சொன்னது. அதற்குப் பிறகுதான் பெட்டிகளில் உயிர்க்கழிப்பறை பொருத்தி முடித்தார்கள். ஆகையால் பழைய வண்டியைப் பழையபடியே கொண்டுவா என்று நான் கேட்க மாட்டேன். பழசை நினைத்து உருகுகிற எழுத்து நமக்கு ஆகாது. பழசில் நமக்கு என்ன இடம் இருந்தது என்று நமக்குத் தெரியும்.

நஷ்டம் என்கிறார்கள். பாசஞ்சர் ஓட்டினால் நஷ்டமாம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள். திரும்ப விடும்போது பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 10 ரூபாய்க் குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய் ஆனது. சனம் கத்திக் கத்தி, 2024 பிப்ரவரியில்தான் சாதா வண்டிகளுக்கு மறுபடி 10 ரூபாய் வந்தது. ஆனால் நாகர்கோவில் – கோயம்புத்தூர் பாசஞ்சர் எக்ஸ்பிரஸ் ஆனது ஆனதுதான். மதுரையிலிருந்து புனலூருக்கு ராத்திரியில் போன பாசஞ்சரும் எக்ஸ்பிரஸ் ஆகி, குருவாயூர் வரைக்கும் நீண்டுவிட்டது. பெயர் மாற்றினால் டிக்கெட் விலை மாறுகிறது. நமக்குப் புதுசா? சேரியைக் காலனி என்றார்கள், ஊருக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைந்ததா?

அதே திண்டுக்கல் ஸ்டேஷனில் 2023இலிருந்து திருநெல்வேலி வந்தே பாரத் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும், மதுரை – பெங்களூருக்கும் வந்தது. அதில் ஒரே ஒரு பெட்டிகூட முன்பதிவு இல்லாத பெட்டி கிடையாது. 2019இல் தேஜஸ் தொடங்கியபோது திருச்சி விட்டால் கொடைக்கானல் ரோட்டில் நிற்கும் என்றார்கள். மலைக்குக் குளிர் காயப் போகிறவர்களுக்காக நிற்க நேரமிருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் மூட்டை தூக்குகிறவனுக்காக நிற்க நேரமில்லை.

"பெண்களுக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆயிற்றே" என்கிறார் ஒரு நண்பர். 2021இல் வந்த அந்தத் திட்டத்தை நான் வரவேற்கிறேன். எங்கம்மா இன்றைக்கு டவுன் பஸ்ஸில் உட்காருகிறது என்றால் அதில் அந்தத் திட்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் அது சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். கோயம்புத்தூர் போகிற ராத்திரி பஸ்ஸுக்குக் கிடையாது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் முடிந்து நானும் அம்மாவும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் கேட்டோம். "எந்த ஊரு?" என்றான். சொன்னோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தது. விடிய விடிய சிமெண்டுத் திண்ணையில் கொசுவோடு உட்கார்ந்திருந்தோம். "ராத்திரி வண்டி இருந்தா இந்நேரம் உடுமலை தாண்டிருக்கும்" என்றது அம்மா. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் வந்தது.

தோழர்களே, நம்மிடமும் ஒரு கேள்வி. இரட்டைக் குவளைக்குப் போராடினோம், தேர் வடத்துக்குப் போராடினோம், சிலைக்குப் போராடினோம். 1997இல் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது, அந்தப் பெயரெழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கலவரம் செய்தன. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் அழித்தது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற பெயருக்காக உயிரைக் கொடுத்தோம், தப்பில்லை. ஆனால் அந்த வண்டி எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும், என்ன காசு வாங்கும் என்பதை நாம் கேட்டிருக்கிறோமா? அதை வர்த்தக சங்கத்துக்காரர்களிடமும் பக்தர் பேரவைகளிடமும் விட்டுவிட்டோம். அவர்கள் கேட்டால் பழனிக்குப் பாத யாத்திரை முடித்துத் திரும்புகிறவனுக்கு வண்டி வரும். நாம் கேட்டால்தான் கூலிக்காரிக்கு வரும்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். இராமேஸ்வரம் – கோயம்புத்தூர் ராத்திரி வண்டி, மதுரை, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாக, தினமும். விடிவதற்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர வேண்டும். பாதிப் பெட்டிகள் முன்பதிவு இல்லாதவை, சாதா டிக்கெட் விலையில். பெண்களுக்குத் தனிப் பெட்டி, அதில் விளக்கும் காவலும். அம்பாத்துரை, ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, மடத்துக்குளம் என்று சின்ன ஸ்டேஷன்களில் நிற்க வேண்டும். வண்டியைச் சுத்தம் செய்ய இயந்திரம் வேண்டும். அந்த வேலையில் காண்ட்ராக்ட் கூடாது, சாதி கூடாது.

அம்மாவுக்கு இப்போது முட்டிவலி. சித்தாள் வேலைக்குப் போக முடியாது. ஆனால் சின்னம்மா மகள் போகிறாள், வேனில். போன வாரம் கூலியைக் கேட்டதற்கு மேஸ்திரி அவளிடம் சொன்னானாம்: "பிடிக்கலைன்னா இறங்கி நடந்து போ."

அவள் ஏறிக்கொள்ள ஒரு வண்டி வேண்டும்.