படை தோலில்; தடை மனதில்!

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி என்று ஓர் ஊர் இருக்கிறது. தொழுநோயாளிகளுக்காக 1924-ம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஏற்பட்டது. லேடி வில்லிங்டன் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டு, தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாகவும் பயிற்சி நிலையமாகவும் ஆக்கியது.

அந்தக் காலத்தில் தொழுநோய் கண்ட பெண்ணின் கதி என்ன?

ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம் என்று பிரித்து வைத்த விடுதிகள் நாட்டில் பல இருந்தன. கழுத்தில் தாலி இருக்கும். இல்லறம் இருக்காது.

இன்று அந்த நோய்க்கு நல்ல மருந்து வந்துவிட்டது. ஆனால் பழைய பயம் போகவில்லை. தொழுநோய் மட்டும் அல்ல, தோலில் எந்தப் படை தோன்றினாலும், "இவள் வாழ்வு முடிந்தது" என்று நினைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன.

இது தவறான எண்ணம். நெடுநாள் தோல் நோய் உள்ள பெண்ணும் கணவனோடு மகிழ்ச்சியாக வாழலாம். பிள்ளை பெறலாம். பால் கொடுக்கலாம். அதற்குத் தேவை, ஒளிக்காமல் பேசுவதும் டாக்டரிடம் காட்டுவதும்தான்.

சட்டம் மாறிவிட்டது

1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தீராத கடும் தொழுநோய் இருந்தால், மற்றவர் விவாகரத்துக் கேட்கலாம் என்பதே அது. 2019-ல் பார்லிமெண்டு அந்த விதியை நீக்கியது. முஸ்லிம், கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டங்களிலும் தொழுநோய் என்ற காரணம் நீக்கப்பட்டது.

ஏன்? தொழுநோய் இப்போது தீரும் நோய்.

1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து சாப்பிட்டால் போதும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். மருந்து சாப்பிடத் தொடங்கியதும், பிறருக்குப் பரவும் சக்தி விரைவில் போய்விடுகிறது. தொழுநோய் பரம்பரை நோய் அல்ல. உடலுறவால் வரும் நோயும் அல்ல.

சட்டம் திருந்திவிட்டது. வீடுகள் திருந்தவேண்டாமா?

எது ஒட்டும்? எது ஒட்டாது?

செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் ஒட்டாது. கரப்பான் ஒட்டாது. வெண்புள்ளியும் ஒட்டாது. வெண்புள்ளியை "வெண்குஷ்டம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது பெரும் பிழை. அதற்கும் தொழுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த நோய் உள்ள பெண்ணோடு ஒரே பாயில் படுத்தாலும் கணவனுக்கு வராது.

ஒட்டுகிற நோய்களும் உண்டு. படர்தாமரை ஒட்டும். சிரங்கும் ஒட்டும். இவற்றுக்கு மனைவி மட்டும் மருந்து போட்டால், கணவனிடம் இருந்து மீண்டும் வரும். சிரங்கு என்றால், வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போடவேண்டும். மறைவிடத்தில் புண் வந்தால், அது பால்வினை நோயாகவும் இருக்கலாம். கணவன், மனைவி இருவருமே டாக்டரிடம் போகவேண்டும்.

எந்த நோய் என்று தெரிந்தால், வீண் பயம் பாதி போய்விடும்.

சொல்லாத வேதனை

மாமல்லபுரம் கடற்கரையில் மீன் கூடை சுமக்கும் பெண் ஆனாலும் சரி, செங்கல்பட்டில் ஆபீசுக்குப் போகும் பெண் ஆனாலும் சரி, கையில் உள்ள படையை டாக்டரிடம் காட்டுவாள். சேலைக்குள் மறைந்திருக்கும் படையைக் காட்டமாட்டாள்.

சொரியாசிஸ் அந்தரங்க உறுப்பிலும் வரும். அங்கே அரிப்பு எடுக்கும். எரியும். சிலருக்குத் தோல் வெடிக்கும். கணவன் நெருங்கினால் வலிக்கும். அதனால் அவள் விலகிப் படுப்பாள்.

"என்மேல் ஆசை இல்லை" என்று அவன் நினைப்பான். "என்னைப் பார்த்து அருவருக்கிறார்" என்று அவள் நினைப்பாள். இரண்டு நினைப்பும் தவறு. இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு படைதான். அதற்கு மருந்து உண்டு.

வெட்கப்பட்டுக்கொண்டு மருந்துக் கடையில் தானாகக் களிம்பு வாங்கிப் போடுவது ஆபத்து. பல களிம்புகளில் வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு இருக்கிறது. அந்த இடத்துத் தோல் மெல்லியது. ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டால் தோல் மேலும் மெலியும். படர்தாமரையாக இருந்தால் அது இன்னும் பரவும். அந்த இடத்துக்கு ஏற்ற களிம்பை, ஏற்ற அளவில் டாக்டர் கொடுப்பார்.

வாசனை சோப்பும் இறுக்கமான நைலான் உள்ளாடையும் எரிச்சலைக் கூட்டும். தளர்ந்த பருத்தி ஆடை நல்லது. வலி இருக்கும் நாட்களில் கணவன் பொறுத்திருக்கவேண்டும். பொறுமையும் அன்புதான்.

பிள்ளைப் பேறு

தோல் நோய்க்கான மருந்துகளில் சில, கருவில் உள்ள குழந்தையைக் கெடுக்கும். சொரியாசிசுக்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் அப்படிப்பட்டது. அசிட்ரெட்டின் என்ற மருந்தை நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கர்ப்பம் ஆகக்கூடாது. ஆகவே, பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். தானாக நிறுத்துவது கூடாது.

தொழுநோய்க்கான கூட்டு மருந்தைக் கர்ப்ப காலத்திலும், பால் கொடுக்கும் காலத்திலும் சாப்பிடலாம். அதில் ஒரு மருந்தால் குழந்தையின் தோல் சற்று நிறம் மாறலாம். பிறகு அது மறைந்துவிடும். பயந்து மருந்தை நிறுத்திவிடக்கூடாது.

பிரசவத்துக்குப் பின் வரும் மாதங்களில் தொழுநோயின் எதிர்விளைவு தோன்றலாம். தோலில் சிவந்த வீக்கம், நரம்பில் வலி, கை கால் மரத்துப் போதல் இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் கையும் காலும் ஊனமாகலாம்.

இன்னொன்றும் உண்டு. தொழுநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண் அதை டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

வீட்டாரின் கடமை

மருமகளின் தோலில் படை கண்டதும், தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்குவது மாமியாருக்கு அழகல்ல. கூட ஆஸ்பத்திரிக்குப் போவதே அழகு. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். அதில் தவறு இல்லை.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. அதன் ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவும் இருக்கிறது, மகப்பேறு பிரிவும் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் இருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

அங்கே போகும் பெண் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேட்கவேண்டும். "இது என் கணவருக்கு ஒட்டுமா?" "இந்த மருந்து பிள்ளைப் பேற்றைப் பாதிக்குமா?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது டாக்டரின் கடமை. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கணவனும் கூடப் போனால் மிகவும் நல்லது. படையை டாக்டர் பார்த்துக்கொள்வார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரக் கணவனால்தான் முடியும்.